வீட்டுக்குள் இருந்த பிராங்க்ளின்

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் பட்டமும் சாவியும் மின்னலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் படத்தை ஏதாவது ஒரு பாடப் புத்தகத்தில் பார்த்திருப்போம். இருண்ட வானம், நூலைப் பிடித்தபடி ஒரு மனிதர், பக்கத்தில் வாயைப் பிளந்து பார்க்கும் சின்னப் பையன். 1752-இல் அது நடந்தபோது அந்தப் பையன், அதாவது மகன் வில்லியம், இருபது வயதைத் தாண்டிய வாலிபன். மின்னலும் மின்சாரம்தான் என்று காட்டிய அந்தச் சோதனையின் பெருமையைக் குறைக்க நான் வரவில்லை. ஆனால் எனக்கு நெருக்கமான பிராங்க்ளின் வீட்டுக்குள் இருக்கிறார். புகை சூழ்ந்த கணப்புக்கு முன்னாலும், மாடிப்படி ஓரத்திலும், எட்டாத புத்தகத் தட்டுக்குக் கீழேயும் நின்று யோசிக்கும் மனிதர் அவர். அவருடைய கடிதங்களைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து அந்த மனிதரைத்தான் நான் திரும்பத் திரும்பத் தேடிப் போகிறேன்.

அவர் வீட்டுக்காகச் செய்துகொண்ட பொருள்களை வயது வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எல்லாமே உடம்பிலிருந்து தொடங்கியவை. சிறுவனுக்கு வேகமாக நீந்த வேண்டியிருந்தது. குடும்பஸ்தருக்குக் குளிர் தாங்கவில்லை. கிழவருக்குக் கண் தெரியவில்லை, கை எட்டவில்லை. அவ்வப்போது உடம்பு எதைக் கேட்டதோ அதைத்தான் அவர் செய்து கொடுத்தார்.

பிறந்தது 1706 ஜனவரி 17, பாஸ்டன் நகரில், மில்க் தெருவில். அப்பா ஜோசையா இங்கிலாந்தில் சாயத் தொழில் செய்தவர். பாஸ்டனுக்கு வந்த பிறகு அந்தத் தொழிலில் குடும்பத்தை ஓட்ட முடியாது என்று தெரிந்ததும், மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்யத் தொடங்கினார். இரண்டு மனைவிகள் மூலம் அவருக்கு 17 பிள்ளைகள். பெஞ்சமின் பதினைந்தாவது, மகன்களில் கடைசி. சாப்பாட்டு மேசையில் ஒரே நேரத்தில் 13 பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது என்று பின்னாளில் தன் வரலாற்றில் எழுதினார்.

எட்டு வயதில் இலக்கணப் பள்ளியில் சேர்த்தார்கள். ஒரு வருடம்கூட அங்கே முழுசாகப் படிக்கவில்லை. அப்புறம் எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் வேறொரு பள்ளி. எழுத்து நன்றாக வந்தது, கணக்கு வரவில்லை. பத்து வயதில் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் பட்டறைக்கு வந்துவிட்டான். திரி வெட்டுவது, அச்சில் கொழுப்பு ஊற்றுவது, கடையைப் பார்த்துக்கொள்வது, சொன்ன இடத்துக்கு ஓடுவது, இவைதான் வேலை. அந்தக் காலத்து மெழுகுவர்த்தி மாட்டுக் கொழுப்பிலும் ஆட்டுக் கொழுப்பிலும் செய்தது. கொழுப்பை உருக்கும் வாடை வீடெல்லாம் நிறைந்திருக்கும். பையனுக்கு அந்தத் தொழில் அறவே பிடிக்கவில்லை. கடலுக்குப் போக வேண்டும் என்று துடித்தான்.

இந்த இடத்தில் ஜோசையா செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வருகிறது. மூத்த மகன் ஒருவன் ஏற்கெனவே வீட்டை விட்டுக் கடலுக்கு ஓடியிருந்தான். இவனும் ஓடிவிடுவானோ என்ற பயம் அவருக்கு. திட்டி உட்காரவைக்காமல், பையனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தார். தச்சர் இழைப்பதையும் கொத்தனார் செங்கல் அடுக்குவதையும் கடைசல்காரர் மரத்தைக் கடைவதையும் பித்தளை வேலைக்காரர் தட்டுவதையும் ஒவ்வொரு இடமாகக் காட்டினார். எந்த வேலையைப் பார்க்கும்போது பையனின் கண் அகல்கிறது என்று கவனித்தார். தன் தொழில் பிடிக்காத பிள்ளைக்கு இன்னொரு தொழிலைத் தேடி ஒரு மெழுகுவர்த்திக்காரர் தெருத்தெருவாக நடந்திருக்கிறார்.

அந்த நடைகளால் உடனே ஒரு தொழில் அமைந்துவிடவில்லை. ஆனால் நல்ல வேலைக்காரர் கருவியைக் கையாள்வதைப் பார்ப்பது அன்றிலிருந்து தனக்கு இன்பம் என்று பிராங்க்ளின் எழுதுகிறார். அப்போது பார்த்துக் கற்றது, ஆள் கிடைக்காத நேரத்தில் வீட்டில் சின்னச் சின்ன வேலைகளைத் தானே செய்துகொள்ளவும், சோதனைக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தானே அமைத்துக்கொள்ளவும் உதவியது என்றும் சொல்கிறார். அவர் வாழ்க்கையில் பிறகு வந்த அத்தனை கண்டுபிடிப்புகளுக்கும் விதை இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். மின்சாரத்தைப் பற்றி அவர் யோசித்தது நாற்பது வயதில். எந்தத் திருகை எங்கே முடுக்கினால் என்ன நகரும் என்பதைக் கைகள் பத்து வயதிலேயே பார்த்து வைத்திருந்தன.

ஜோசையாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. படம் வரைவார். சாயங்காலம் வேலை முடிந்ததும் வயலின் வாசித்துக்கொண்டே பாடுவார். மற்றத் தொழில்காரர்களின் கருவிகளும் அவர் கையில் நன்றாகப் படியும். பையன் ஒரு தடவை கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, யாரோ வீடு கட்டக் குவித்து வைத்திருந்த கற்களை இரவோடு இரவாகத் தூக்கிப் போய், மீன் பிடிக்க வசதியாகச் சதுப்பு நீர் ஓரத்தில் ஒரு சின்னத் துறை கட்டினான். மாட்டிக்கொண்டதும், உபயோகமான வேலைதானே செய்தோம் என்று வாதாடினான். நேர்மையில்லாதது எதுவும் உபயோகமானது ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டார். எழுபது வயதை நெருங்கும்போதும் மகனுக்கு அது மறக்கவில்லை.

சரி, நீச்சலுக்கு வருவோம். அவருடைய முதல் கருவிகள் தண்ணீரில்தான் பிறந்தன. சிறுவனாக இருந்தபோது இரண்டு முட்டை வடிவப் பலகைகள் செய்துகொண்டார். பத்து அங்குல நீளம், ஆறு அங்குல அகலம். ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் தட்டில் இருப்பதுபோல் கட்டைவிரல் நுழைய ஒரு துளை. நீந்தும்போது விளிம்பால் தண்ணீரை வெட்டி முன்னே நீட்டி, அகலப்பக்கத்தால் பின்னே தள்ளுவார். வேகம் கூடியது, மணிக்கட்டு வலித்தது. கால்களுக்கும் ஒருவகைச் செருப்பு கட்டிப் பார்த்தார். அது திருப்தி தரவில்லை. நீந்தும்போது உள்ளங்கால் மட்டும் தண்ணீரை உதைப்பதில்லை, காலின் உட்புறமும் கணுக்காலும் சேர்ந்துதான் தள்ளுகின்றன என்று காரணத்தையும் கண்டு பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். பலிக்காத ஒன்று ஏன் பலிக்கவில்லை என்று அறுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து எழுதுகிற அந்தப் பொறுமைக்காகவே எனக்கு அந்தக் கடிதம் பிடிக்கும்.

அதே கடிதத்தில் ஒரு பட்டமும் வருகிறது. பாடப் புத்தகப் பட்டத்துக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து வருடம் மூத்த பட்டம். கிட்டத்தட்ட ஒரு மைல் அகலமான குளத்தின் கரையில் பையன் பட்டம் விட்டுக்கொண்டிருக்கிறான். வெயில் ஏறுகிறது, குளிக்க ஆசை. பட்டத்தையும் விட மனசில்லை. நூலை ஒரு முளைக்கம்பில் கட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறான். கொஞ்ச நேரத்தில் இரண்டையும் சேர்த்தே அனுபவிக்கலாமே என்று தோன்றுகிறது. நூலை அவிழ்த்து, அதன் நுனியில் இருந்த குச்சியைக் கையில் பிடித்தபடி மல்லாந்து மிதக்கிறான். பட்டம் இழுக்கிறது, உடம்பு தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. இன்னொரு பையனிடம் துணிகளைக் கொடுத்து, கரையைச் சுற்றி ஓடிவந்து அக்கரையில் காத்திருக்கச் சொல்கிறான். கொஞ்சமும் களைப்பில்லாமல் குளத்தைக் கடந்துவிடுகிறான். வழியில் ஒரே ஒரு சிக்கல். பட்டம் இழுக்கும் வேகத்துக்கு உடம்பும் போய்விட்டால் நூல் தொய்ந்து பட்டம் இறங்கும். அப்போது மட்டும் கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும், பட்டம் மறுபடி மேலே ஏறிவிடும். இந்த முறையில் டோவரிலிருந்து கலே வரை ஆங்கிலக் கால்வாயைக் கடப்பதும் நடக்காத காரியமில்லை, ஆனாலும் படகில் போவதே மேல் என்று முடிக்கிறார்.

பிறகு இருபது வயதில் லண்டனில் அச்சுக்கூடத் தொழிலாளியாக இருந்தபோது, தேம்ஸ் நதியில் செல்சியிலிருந்து பிளாக்ஃபிரையர்ஸ் வரை வித்தைகள் காட்டிக்கொண்டே நீந்தினார். நீச்சல் பள்ளி வைக்கலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்தார். அந்தப் பள்ளி தொடங்கியிருந்தால் உலகம் எத்தனை பிராங்க்ளின்களை இழந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் பயிற்சியாளாகச் சேர்ந்ததும், அண்ணனோடு ஒத்துவராமல் பதினேழு வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடியதும், அங்கே அச்சுத் தொழிலில் பெரிய ஆளானதும் பலரும் எழுதிய கதைகள். நான் நேரே கணப்புக்குப் போகிறேன்.

குளிர்நாட்டு வீட்டில் கணப்பு என்றால் சுவரில் ஒரு பெரிய குழிவு, அதில் எரியும் விறகு, மேலே புகைபோக்கி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சூடான காற்றெல்லாம் புகையோடு சேர்ந்து மேலே போய்விடும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் குளிர்காற்று புகுந்து வரும். நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் முகம் வெந்துபோகும், முதுகு விறைக்கும். அந்த இடுக்குக் காற்றில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களுக்குச் சளியும் பல்வலியும் வருவதைக் கவனித்து எழுதினார் பிராங்க்ளின். விறகுக்கும் தட்டுப்பாடு. முன்பு வாசலிலேயே கிடைத்த விறகை இப்போது சில ஊர்களுக்கு நூறு மைல் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது என்கிறார். 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே காடு தள்ளிப்போவதை அவர் கணக்கில் எடுத்திருந்தார்.

1740-களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த இரும்புக் கணப்பில் சூட்சுமம் முழுவதும் புகையின் பாதையில் இருந்தது. வார்ப்பிரும்புத் தகடுகளால் ஆன பெட்டி. நெருப்புக்குப் பின்னால் உள்ளே காலியான ஓர் இரும்புக் கூடு. புகை மேலே எழுந்து, அந்தக் கூட்டின் தலையைத் தாண்டி, பின்பக்கமாகக் கீழே இறங்கி, தரைக்கடியில் போய், அப்புறம்தான் புகைபோக்கியில் ஏறும். இவ்வளவு சுற்றுவதற்குள் தன் சூட்டை இரும்புக்குக் கொடுத்துவிடும். கூட்டுக்குள் வெளிக்காற்று கீழிருந்து நுழைந்து, வளைந்து வளைந்து மேலேறி, சூடாகி, பக்கத்துத் துளைகள் வழியே அறைக்குள் வரும். ஆக, உள்ளே வருவது குளிர்காற்றாக இருக்காது. தன் வீட்டு அறை முன்பைவிட இரண்டு மடங்கு கதகதப்பாக இருக்கிறது, விறகு முன்பு எரித்ததில் கால்வாசிதான் ஆகிறது என்று 1744-இல் வெளியிட்ட சிறுநூலில் சொன்னார்.

அந்தக் கணப்பில் ஒரு குறையும் இருந்தது. புகைக்குக் கீழே இறங்கும் சுபாவம் கிடையாது. பாதை முழுக்கச் சூடேறியிருந்தால்தான் அது இழுபடும். இரும்பு ஆறிப்போன நேரத்தில் புகை அறைக்குள்ளேயே திரும்பிவிடும். அதனால் பின்னால் வந்தவர்கள் கீழே இறங்கும் பாதையை எடுத்துவிட்டு எளிமையாக்கினார்கள். இன்று பிராங்க்ளின் அடுப்பு என்ற பெயரில் அறியப்படுபவை பெரும்பாலும் அப்படித் திருத்தப்பட்டவைதான்.

இந்தக் கணப்புக்குக் காப்புரிமை தருகிறேன் என்று பென்சில்வேனியா ஆளுநர் தாமஸ் முன்வந்தார். பிராங்க்ளின் மறுத்துவிட்டார். மற்றவர்களின் கண்டுபிடிப்புகளால் நாம் எவ்வளவோ பயன் அடைகிறோம், நம்முடைய கண்டுபிடிப்பால் பிறருக்கு உதவ வாய்ப்புக் கிடைத்தால் அதைத் தாராளமாகவும் மகிழ்ச்சியோடும் செய்ய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். லண்டனில் ஓர் இரும்பு வியாபாரி அதில் சிறு மாற்றம் செய்து தன் பெயரில் காப்புரிமை வாங்கி, ஓரளவு பணமும் பார்த்துவிட்டார். அந்த மாற்றத்தால் கணப்பு கெட்டுத்தான் போனது என்று எழுதுகிறார் பிராங்க்ளின். வழக்குப் போடவில்லை. அச்சுத் தொழிலில் ஏற்கெனவே நல்ல வருமானம் வந்துகொண்டிருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் வருமானம் இருந்த எல்லோரும் அப்படி நடந்துகொள்ளவில்லையே.

இனி மாடிப்படி. 1752 செப்டம்பரில், மின்னலை வீட்டுக்குள் இறக்கிச் சோதித்துப் பார்க்க, தன் வீட்டுக் கூரையில் ஓர் இரும்புக் கம்பியை நிறுத்தினார். அதிலிருந்து வந்த கம்பி மாடிப்படி வழியாக இறங்கியது. நடுவில் ஓர் இடத்தில் அதைத் துண்டித்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு மணி கட்டி, இரண்டு மணிகளுக்கும் நடுவே பட்டு நூலில் ஒரு சின்னப் பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டார். மேகத்தில் மின்னேற்றம் இருந்தால் குண்டு இந்த மணிக்கும் அந்த மணிக்கும் ஆடி ஒலிக்கும். ஓர் இரவு படிக்கட்டில் பெரிய வெடிச்சத்தம் கேட்டு எழுந்து வந்தார். குண்டு ஆடாமல் விலகி நின்றது. இரண்டு மணிகளுக்கும் நடுவே விரல் பருமனுக்கு வெள்ளை வெளிச்சம் இடைவிடாமல் பாய்ந்துகொண்டிருந்தது. கீழே விழுந்த குண்டூசியைக்கூடப் பொறுக்கிவிடலாம், அவ்வளவு வெளிச்சம் என்று எழுதினார்.

விஞ்ஞானிக்கு அது ஆனந்தம். வீட்டில் இருந்தவர்களுக்கு? 1757-இல் பிராங்க்ளின் லண்டனுக்குப் போய்விட்டார். மனைவி டெபோராவுக்குக் கடல் பயணம் என்றால் பயம், கூடப் போகவில்லை. மேகம் கூடும்போதெல்லாம் ஆளில்லாமல் ஒலிக்கும் அந்த மணிகளோடு பிலடெல்பியா வீட்டில் இருந்தவர் அவர்தான். பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். 1758-இல் கணவரிடமிருந்து பதில் வருகிறது. ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிக்கு ஒரு கம்பித் துண்டைக் கட்டிவிடு, மின்னல் சத்தமில்லாமல் இறங்கிவிடும் என்கிறார். ஆனாலும் மணிகள் ஒலிக்கிறபடி விடுவதே நல்லது, அப்போதுதான் மின்னேற்றம் இருப்பது தெரிந்து விலகி நிற்க முடியும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்! அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் என் மனசு டெபோரா பக்கம்தான் சாயும்.

சில வருடங்களில் இன்னொரு கடிதம் வருகிறது. பிலடெல்பியாவில் புது வீடு கட்டும் வேலையை டெபோராதான் பக்கத்தில் நின்று பார்த்தார். பிராங்க்ளின் மறுபடியும் லண்டனில். 1765-இல் எழுதுகிறார். சமையலறை முடியும்போது நான் அங்கே இருந்திருக்க வேண்டும், அது முழுக்க ஓர் இயந்திரம், உனக்குப் புதிது, எப்படி இயக்குவது என்று தெரிந்திருக்காது என்கிறார். ஆவியையும் வாடையையும் புகையையும் வெளியேற்ற அதில் என்னென்னவோ ஏற்பாடுகள். விளக்கம் கடலுக்கு அந்தப் பக்கம், சமையல் இந்தப் பக்கம். முப்பது வருடங்களுக்கும் மேலாக அந்தக் குடும்பத்தின் வீட்டையும் கடைக் கணக்கையும் நடத்திய பெண்ணிடம் சொந்தச் சமையலறை இப்படி வந்து சேர்ந்தது. அவர் அதை எப்படிச் சமாளித்தார் என்பதைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆசை. டெபோரா 1774 டிசம்பரில் இறந்தபோதும் கணவர் லண்டனில்தான் இருந்தார்.

அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றை விட்டுவிட முடியாது. அங்கே அடிமைகள் இருந்தார்கள். பீட்டர், ஜெமிமா, கிங் என்று கடிதங்களிலும் உயிலிலும் பெயர்கள் வருகின்றன. பீட்டரையும் கிங்கையும் 1757-இல் லண்டனுக்குக் கூட்டிப் போனார்கள். கிங் அங்கே தப்பித்து, சஃபோக் பகுதியில் ஒரு சீமாட்டி வீட்டில் சேர்ந்துகொண்டான். அங்கே எழுதப் படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்றுக்கொண்டான். வேலையைக் குறைக்கும் கருவிகளைத் தேடிய வீட்டில் வேலையின் பெரும்பகுதி யார் தலையில் இருந்தது என்பதை மறந்துவிட்டு அந்தக் கருவிகளை என்னால் ரசிக்க முடியவில்லை. பிராங்க்ளின் கடைசிக் காலத்தில் மாறினார். 1787-இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், சாவதற்கு இரண்டு மாதம் முன்னால், அடிமை முறைக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போட்டு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அது பெரிய காரியம். தாமதமான காரியமும்கூட.

உடன்பிறந்தவர்கள் பக்கம் வருவோம். அண்ணன் ஜான் பாஸ்டனில் சிறுநீர்ப்பைக் கல்லால் அவதிப்பட்டார். சிறுநீரை வெளியேற்ற அப்போதைய மருத்துவர்கள் பயன்படுத்தியது விறைப்பான உலோகக் குழாய். 1752 டிசம்பரில் பிராங்க்ளின் ஒரு வெள்ளி வேலைக்காரரிடம் போய், வளையக்கூடிய வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்யச் சொன்னார். முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து வாங்கி, அண்ணனுக்கு அனுப்பினார். மின்னல் சோதனை நடந்த அதே வருடம். எனக்குப் பட்டத்தைவிட இந்தக் குழாய் மேல் பிரியம் அதிகம்.

தங்கை ஜேன் ஆறு வயது இளையவள். அதே வீடு, அதே கொழுப்பு வாடை, அதே அப்பா. ஆனால் பெண். பதினைந்து வயதில் கல்யாணம், பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களில் பெரும்பாலோரை அவளே புதைக்க வேண்டியிருந்தது. குடும்பத்துக்கென்று ஒரு சோப்பு இருந்தது, மேலே கிரீட முத்திரை பதித்தது. அதைச் செய்யும் பக்குவத்தை முதுமை வரை கையில் வைத்திருந்தவள் ஜேன். பிராங்க்ளின் பிரான்சில் தூதராக இருந்தபோது, நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுக்க அந்தச் சோப்பைத் தங்கையிடம் கேட்டு எழுதினார். பத்து வயதில் பிடிக்காமல் விட்டுவிட்டுப் போன பட்டறையின் சரக்கு அது. ஜோசையா ஜேனையும் கைப்பிடித்துக் கடைசல் பட்டறைக்கும் தச்சுப் பட்டறைக்கும் கூட்டிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எனக்குள் அடிக்கடி வரும்.

லண்டன் வருடங்களில் செய்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கியிருந்த கிரேவன் தெரு வீட்டின் புகைபோக்கியில் இழுத்து மூடும் இரும்புத் தகடு ஒன்றைப் பொருத்தி, சூடு வீணாவதைக் குறைத்தார். விடிகாலையில் அரை மணியோ ஒரு மணியோ உடம்பில் துணியில்லாமல் அறையில் உட்கார்ந்து படிப்பார், எழுதுவார். அதற்குக் காற்றுக் குளியல் என்று பெயர் வைத்திருந்தார். 1761-இல் கண்ணாடிக் கிண்ணங்களை ஓர் இரும்புத் தண்டில் வரிசையாகக் கோத்து, காலால் மிதித்துச் சுழலவிட்டு, ஈர விரலால் தொட்டு வாசிக்கும் வாத்தியம் ஒன்றை உருவாக்கினார். அதற்காக மொசார்ட் 1791-இல் இசை எழுதினார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கண்ணாடி என்றதும் மூக்குக் கண்ணாடி. என் அம்மாவிடம் ரொம்ப நாள் இரண்டு கண்ணாடிகள் இருந்தன. செய்தித்தாளுக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று. ஒன்றை நெற்றியில் ஏற்றிவிட்டு இன்னொன்றைத் தேடுவார். ஒரே சட்டத்தில் இரண்டும் வந்தபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்ததால், பிராங்க்ளினின் 1785-ஆம் வருடக் கடிதம் எனக்கு ரொம்ப நெருக்கமாகிவிட்டது. ஜார்ஜ் வாட்லி என்ற நண்பருக்கு எழுதியது. பயணத்தில் படிக்க ஒன்று, வெளியே பார்க்க ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவது தொல்லையாக இருந்தது, இரண்டையும் வெட்டி, பாதிப்பாதியாக ஒரே வட்டத்தில் சேர்க்கச் சொன்னேன் என்கிறார். இப்போது கண்ணை மேலும் கீழும் அசைத்தால் போதும்.

அதோடு நிற்கவில்லை. விருந்து மேசையில் தட்டில் இருப்பது தெரியும் கண்ணாடி போட்டால் எதிரே பேசுபவரின் முகம் தெரியாது. ஒரு மொழியின் ஒலிகள் காதுக்கு நன்றாகப் பழகாதபோது, பேசுபவரின் முக அசைவைப் பார்ப்பது புரிந்துகொள்ள உதவும். ஆகவே இந்தக் கண்ணாடியால் எனக்குப் பிரெஞ்சு இன்னும் நன்றாகப் புரிகிறது என்கிறார். கண்ணுக்குச் செய்த கருவி காதுக்கும் உதவியது. இப்படிப்பட்ட கண்ணாடியை முதலில் செய்தவர் அவர்தானா என்று விவாதம் உண்டு. அதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அதைப் போட்டுக்கொண்டு என்ன நடக்கிறது என்று இவ்வளவு கவனமாகச் சொன்னவர் அவர், எனக்கு அது போதும்.

அதே வருடம் 79 வயதில் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். மூட்டுகளில் வீக்கமும் வலியும். அண்ணனை வதைத்த அதே கல் இப்போது தம்பியையும் வதைத்தது. வீட்டை விரித்துக் கட்டி, சுவர் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கினார். 1787 ஜூலையில் அவரைப் பார்க்க வந்த மனாசே கட்லர் என்ற பாதிரியார், அந்த அறையில் கண்டதை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். கடிதங்களைப் படியெடுக்கும் அழுத்து இயந்திரம். மனித உடம்பில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் கண்ணாடிக் கருவி. ஆடும் நாற்காலி ஒன்று, அதற்கு மேலே பெரிய விசிறி. காலை லேசாக அசைத்தால் விசிறி வீசும், ஈ அண்டாது, படிப்பும் நிற்காது. அப்புறம், உயரத்தில் இருக்கும் புத்தகங்களை எடுக்க ஒரு நீண்ட செயற்கைக் கை.

அந்தக் கையைப் பற்றி 1786 ஜனவரியில் அவரே ஒரு விளக்கம் எழுதினார். வயதானவர்களுக்குத் தலைசுற்றல் வரும், ஏணியில் ஏறுவது சிரமம் என்று ஆரம்பிக்கிறார். எட்டு அடி நீளம், ஓர் அங்குலச் சதுரத்தில் ஒரு பைன் மரக்கோல். நுனியில் மெல்லிய மரச்சட்டத்தால் ஆன கட்டைவிரலும் இன்னொரு விரலும். விரலோடு கட்டிய கயிறு கோலின் வழியே கீழே வரும். புத்தகத்தின் இரு பக்கமும் விரல்களை நுழைத்துக் கயிற்றை இழுத்தால் பிடி இறுகும், புத்தகம் வெளியே வரும். எந்தப் பாகம் எவ்வளவு நீளம் என்று அளவு கொடுத்திருக்கிறார். தச்சு வேலை கொஞ்சம் தெரிந்த யாரும் அதைப் பார்த்துச் செய்துவிடலாம். புதுக் கருவி எதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும், இதற்கு ரொம்பக் கொஞ்சம் போதும் என்று தைரியம் சொல்கிறார். சின்ன அளவுப் புத்தகங்களுக்கு இது நன்றாக உதவும், பெரிய புத்தகங்களின் கனத்தைத் தாங்காது, ஆனால் அவை பொதுவாகக் கை எட்டும் கீழ்த்தட்டிலேதான் இருக்கும் என்கிறார். படித்து முடித்த புத்தகத்தை இதே கோலால் மறுபடி அதன் இடத்தில் வைத்துவிடலாம் என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்.